வாணம் வந்த வழி

கார்த்திகைத் திங்கள் நிறைமதி நாளன்று, பாலக்கோட்டுக்கு அருகில் உள்ள எங்கள் சிற்றூரில், வீட்டு வாயிலில் அகல் ஏற்றி முடித்தவுடன் சிறுவர்களாகிய நாங்கள் ஏரிக்கரைக்கு ஓடுவோம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மாவளி இருக்கும். இக்காலத்து மாணவர்களுட் பலர் அதனைக் கண்டிருக்க மாட்டார்கள். ஆதலால் சிறிது விளக்கிச் சொல்கிறேன். ஆண்பனையின் பூவை உலர்த்திக் குழியிலிட்டு, மூட்டம் போட்டுக் கரியாக்குவார்கள். அந்தக் கரியை அம்மியில் அரைத்துப் பொடியாக்கி, பழந்துணியில் வைத்துச் சுருட்டி, நூலால் இறுகக் கட்டுவார்கள். பனைமட்டையை மூன்று பிளவாகப் பிளந்து, நடுவே அச்சுருளைச் செருகி, மறுமுனையில் நீண்ட கயிறு ஒன்றைக் கட்டினால் மாவளி ஆயிற்று. சுருளின் தலையில் தணல் வைத்து, கயிற்றைப் பிடித்துத் தலைக்கு மேல் சுழற்றவேண்டும். பொன்னிறப் பொறிகள் வட்டமிட்டுச் சிதறும். இருபது சிறுவர் ஒரே கரையில் நின்று சுழற்றினால் ஏரி நீரில் வேறோர் இருபது வட்டங்கள் சுழலும். கடையில் வாங்கிய எந்த வாணமும் அந்த மகிழ்ச்சியை எனக்குத் தந்ததில்லை. அது நாங்களே செய்தது என்பதுதான் காரணம்.

தானே ஒன்றைச் செய்து, அதனைப் பற்றவைத்து, பிறர் வியக்கக் காணவேண்டும் என்னும் ஆசை இளமைக்கு இயல்பானது. அந்த ஆசையைக் குற்றமென்று சொல்ல நான் வரவில்லை. வாணத்தின் வரலாற்றையே அந்த ஆசையின் வரலாறு என்று கூறலாம். ஆனால் அவ்வரலாற்றில் இருவகை நெருப்புகள் உள்ளன. அவ்விரண்டையும் பிரித்தறியாமையால் கை இழந்தோரும் உயிர் இழந்தோரும் பலர். அவர்களுள் ஒருவனுக்கு நானும் ஒரு காரணம் ஆனேன். அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதல்வகை நெருப்பு, காற்றைக் கடன் வாங்கி எரியும் நெருப்பு. மாவளியும் அவ்வகையே. கரித்தூள் தன்னைச் சூழ்ந்த காற்றிலிருந்து உயிர்வளியைப் பெற்றுத்தான் எரியவேண்டும். சுழற்றினால் காற்று மிகுதியாகக் கிடைக்கும், ஒளி மிகும். நிறுத்தினால் மங்கும். மண்ணைப் போட்டு மூடினால் அணைந்துவிடும். எங்கள் பக்கத்துத் தெருக்கூத்திலும் இந்நெருப்பே பயன்பட்டது. தருமபுரி வட்டாரம் கூத்துக்குப் பெயர் பெற்றது. திரௌபதி அம்மன் கோயில் விழாவிலே இரவு முழுதும் பாரதக்கூத்து நடைபெறும். திரைக்குப் பின்னே துரியோதனனோ இரணியனோ வந்து நின்று, சலங்கையை அதிரவிட்டுக் குரல் கொடுக்கும்போது, தீவட்டி பிடித்தவர் இடுப்பு முடிப்பிலிருந்து ஒரு பிடி குங்கிலியப் பொடியை எடுத்து, சுடரின் மீது வீசுவார். ‘குப்’ என்று ஆளுயரத்துக்கு ஒரு தீப்பிழம்பு எழும்பும். அடுத்த கணம் இருள். அந்த ஒரு கணத்தில்தான் வேடக்காரரின் முகத்தை நாங்கள் முதன்முதலாகக் காண்போம். மரத்துப் பிசினின் நுண்தூள் காற்றில் பரவி ஒருங்கே பற்றுவதன் விளைவு இது. மேனாட்டு நாடக அரங்குகளில் ஒருவகைப் பாசியினச் செடியின் வித்துத்தூளை இவ்வாறே பயன்படுத்தினர். கேரளத்தின் முடியேற்றிலும் இப்படிப் பொடி வீசும் வழக்கம் உண்டு.

தீவட்டி பிடித்தவர் கூத்துக் குழுவில் கடைநிலையர் என்று பார்ப்பவர் எண்ணலாம். உண்மை அதுவன்று. காற்று எத்திசையில் வீசுகிறது, கூரைக்கீற்று எவ்வளவு தொலைவில் உள்ளது, வேடக்காரர் எங்கே காலெடுத்து வைப்பார் என்பவற்றையெல்லாம் அறிந்தவரே அந்தப் பொடியைத் தொட்டார். பொடி முடிப்பைச் சிறுவர் அணுகினால் அடிதான் கிடைக்கும். நானே ஒருமுறை பெற்றிருக்கிறேன்.

இரண்டாம் வகை நெருப்பு, தன் மூச்சைத் தானே சுமந்து செல்லும் நெருப்பு. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்த வெடிமருந்தே அது. வெடியுப்பினுள் உயிர்வளி அடங்கியிருக்கிறது. ஆகவே அதற்குப் புறக்காற்று வேண்டுவதில்லை. மண்ணால் மூடினாலும் எரியும். குழாயில் அடைத்தாலும் எரியும். அடைத்தால் இன்னும் விரைவாக எரியும். இந்தச் சிறு வேறுபாட்டில்தான் வாணத்தின் அழகும் கேடும் ஒருங்கே அடங்கியுள்ளன.

வெடிமருந்தைக் கண்டவர் சீனர். போர்வீரர் அல்லர், சாவா மருந்தைத் தேடிய இரசவாதிகள் அவர்கள். ஒன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்த சீன நூல் ஒன்று, கந்தகத்தையும் வெடியுப்பையும் வேறு சில பொருள்களையும் தேனோடு சேர்த்துச் சூடாக்கியவர்கள் கையும் முகமும் வெந்தனர் என்றும், அவர்கள் இருந்த வீடும் எரிந்துபோயிற்று என்றும் கூறி, அதனைச் செய்யவேண்டாமென எச்சரிக்கிறது. மாணவர்கள் இதனைச் சற்று ஊன்றி எண்ணுக. வெடிமருந்தைப் பற்றி உலகில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று, அதனை எப்படிச் செய்வது என்பதன்று; செய்தவர்க்கு நேர்ந்த விபத்து.

நம் நாட்டிற்கு வாணம் வந்து சேர்ந்த கதையைப் பி. கே. கோடே என்னும் அறிஞர் ஆராய்ந்து 1953ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். 1400 முதல் 1900 வரையிலான இந்திய வாணவேடிக்கையின் வரலாறு அதன் பொருள். 1443இல் விசயநகரத்திற்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், அங்கு மகாநவமி விழாவில் வாணவேடிக்கையைக் கண்டார். 1497 முதல் ஒரிசாவை ஆண்ட கசபதி பிரதாபருத்திரன் பெயரால் வழங்கும் கௌதுக சிந்தாமணி என்னும் வடமொழி நூலில் வாணம் செய்யும் முறைகள் கூறப்பட்டுள்ளன. அரசர் அவையிலும் கோயில் விழாவிலும் திருமண ஊர்வலத்திலும் வாணம் இடம்பெற்றது. அதனைச் செய்தவர்கள் தந்தையிடமிருந்து மகன் கற்ற தொழில்முறைக் குடும்பத்தினர்.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். பாலக்கோடு, தருமபுரி, கிருட்டிணகிரி, இராயக்கோட்டை முதலிய ஊர்கள் அடங்கிய நிலப்பகுதிக்குப் பாராமகால் என்பது பழம்பெயர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பகுதி மைசூரை ஆண்ட ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் ஆட்சியில் இருந்தது. பாலக்கோட்டிலிருந்து இருப்புப்பாதை வழியே வடக்கே சென்றால் இராயக்கோட்டைக் குன்றைக் காணலாம். அதன்மேல் உள்ள கோட்டையை ஆங்கிலேயர் 1791இல் கைப்பற்றினர். 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் முழுவதும் கும்பினியார் வசமாயிற்று. அலெக்சாண்டர் ரீடு ஆட்சியராக வந்தார். அவருக்குத் துணையாக வந்த இளைஞரே பின்னாளில் சென்னை ஆளுநரான தாமசு மன்றோ. இவையெல்லாம் பாடநூலில் உள்ளவை. பாடநூல்கள் விரைந்து கடந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. இந்த நிலத்துக்காக நடந்த போர்களில்தான் வாணம் உலகப் படைக்கலம் ஆயிற்று.

வாணத்தைப் போரில் ஏவுவது அதற்கு முன்பும் உண்டு. சீனரும் ஏவினர், முகலாயரும் ஏவினர். ஆனால் அவர்களுடைய வாணம் பெரும்பாலும் மூங்கிலாலோ தாளாலோ ஆன குழாயுடையது என்பர். மைசூர் வாணத்தின் குழாய் இரும்பு. நீளம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். ஒருபுறம் மூடி, மறுபுறம் தீ சீறிவரத் துளை விட்டு, நீண்ட மூங்கிற் கழியிலோ வாளின் அலகிலோ தோல்வாரால் கட்டிவிடுவர். தாட்குழாய் தாங்கமாட்டாத அழுத்தத்தை இரும்பு தாங்கிற்று. ஆகவே மருந்தை இறுக அடைக்க முடிந்தது. ஆகவே வாணம் நெடுந்தொலைவு பாய்ந்தது. விண்ணூர்தி அறிவியலார் ரொத்தம் நரசிம்மா 1985இல் எழுதிய ஆய்வில், மைசூர் வாணத்தின் சிறப்புக்கு இவ்விரும்புக் குழாயே அடிப்படை என்று விளக்கியுள்ளார். ஐதர் படையில் வாணம் ஏவுவோர் 1,200 பேர் இருந்தனர் என்றும், திப்புவின் காலத்தில் அத்தொகை 5,000 வரை உயர்ந்தது என்றும் கூறுவர். குழாயின் பருமனையும் இலக்கின் தொலைவையும் கணக்கிட்டு, எவ்வளவு சாய்த்து ஏவவேண்டும் என்பதில் அவர்கள் பயிற்சி பெற்றிருந்தனர்.

1780 செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தது தோல்விக்கு ஒரு காரணம். மைசூர் வாணம் பட்டே அவை வெடித்தன என்பர். சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இப்போரின் ஓவியத்தை இன்றும் காணலாம். 1799 மே 4ஆம் நாள் திப்பு வீழ்ந்தபின், சீரங்கப்பட்டணத்தில் ஏவத்தக்க நிலையில் 700 வாணங்களும், மருந்து அடைக்காத 9,000 குழாய்களும் ஆங்கிலேயர் கையில் சிக்கின. அவற்றுட் சில இங்கிலாந்துக்குச் சென்றன. வில்லியம் காங்கிரீவ் என்பவர் அவற்றைத் தழுவிப் புதிய வாணங்களை அமைத்து, 1805இல் செய்து காட்டினார். 1807இல் கோபன்கேகன் நகரம் அவ்வாணங்களால் எரிந்தது. 1814இல் அமெரிக்காவின் மெக்கென்றிக் கோட்டைமீது ஏவப்பட்ட வாணங்களின் செவ்வொளி அந்நாட்டின் தேசியப் பாடலிலேயே இடம்பெற்றுவிட்டது. 1963இல் அமெரிக்காவின் வாலப்சு தீவுக்குப் பயிற்சிக்குச் சென்ற அப்துல் கலாம், அங்கே ஒரு கூடத்தில் திப்புவின் வாணப்படையைத் தீட்டிய ஓவியத்தைக் கண்டு வியந்ததைத் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். அதே ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் தும்பாவிலிருந்து நம் நாட்டின் முதல் ஆய்வு ஏவுகலம் விண்ணில் எழுந்தது. மேலும் ஒரு செய்தி: 2018இல் கருநாடகத்துச் சிவமொக்கா மாவட்டத்தில் நகரா என்னும் ஊர்ப் பக்கத்தே தூர்ந்த கிணறு ஒன்றைத் தோண்டியபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு வாணக் குழாய்கள் சேற்றினுள்ளே கிடந்தன.

இவற்றையெல்லாம் வகுப்பில் நான் மிகுந்த பெருமிதத்தோடு சொல்லுவதுண்டு. 1990களின் நடுவில், பாலக்கோடு வட்டத்துப் பள்ளி ஒன்றில் நான் வரலாற்று ஆசிரியனாக இருந்தேன். தலைமையாசிரியர் பொறுப்பு பின்னால் வந்தது. ஆண்டுவிழாவுக்கு மாணவர் ‘பொள்ளிலூர்ப் போர்’ என்று ஒரு நாடகம் போட விரும்பினர். உரையாடலை நானே எழுதிக் கொடுத்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் மேடைக்குப் பின்னே ஒலியும் ஒளியும் அமைக்கும் பொறுப்பை ஏற்றான். கெட்டிக்காரன், வானொலிப் பெட்டியைப் பிரித்து மீண்டும் பூட்டுவான். “வாணம் போற மாதிரி நெருப்பு வேணும் சார், நான் செய்யறேன்” என்றான். தீபாவளி முடிந்து சில நாளே ஆகியிருந்தது. ஏதோ மத்தாப்பு கொளுத்துவான் என்று எண்ணி, “பார்த்துச் செய்” என்றேன். இவ்விரண்டு சொற்களுக்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்று சொல்லவில்லை.

அவன் தீபாவளியில் மிஞ்சிய வெடிகளை உடைத்து மருந்தைச் சேர்த்தான். நான் வகுப்பில் கூறிய இரும்புக் குழாய் அவன் நெஞ்சில் பதிந்திருந்தது. தோட்டத்தில் கிடந்த இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றில் மருந்தை அடைத்து, மாந்தோப்பில் தனியே வெள்ளோட்டம் பார்த்தான். குழாய் பறக்கவில்லை. வெடித்தது. வலக்கையில் இரண்டு விரல்கள் போயின. தொடையில் இரும்புச் சில்லு பாய்ந்தது. தருமபுரி மருத்துவமனையில் அவனைக் கண்டபோது அழவில்லை அவன். “நீங்கதானே சார் இரும்புன்னு சொன்னீங்க” என்றான். குறைகூறும் குரலில் அன்று. பாடத்தில் ஐயம் கேட்கும் குரலில். அவனுக்கு விடை சொல்ல என்னால் அப்போது இயலவில்லை.

விடையை இப்போது சொல்கிறேன். தாட்குழாய் வெடித்தால் தாள்தான் சிதறும். இரும்புக் குழாய் வெடித்தால் ஒவ்வொரு சில்லும் ஒரு தோட்டா. திப்புவின் கொல்லர்கள் அடித்துப் பதப்படுத்திய இரும்பின் தன்மையையும், மருந்தின் அளவையும், துளையின் அகலத்தையும் பல்லாண்டுப் பட்டறிவால் அறிந்திருந்தனர். அவ்வறிவை அவர்கள் பெறுவதற்குள் எத்தனை கைகள் போயினவோ, அதனை எந்த வரலாற்றாசிரியரும் எழுதி வைக்கவில்லை. வரலாற்றில் நாம் வெற்றி பெற்ற குழாய்களைப் பற்றியே படிக்கிறோம். நானும் அவற்றைப் பற்றியே கற்பித்தேன்.

கடைவெடியிலிருந்து எடுத்த மருந்தை வேறொன்றில் அடைப்பதில் இன்னொரு கேடும் உண்டு. ஒரு வெடிக்கென அளந்த கலவை இன்னொன்றுக்கு ஆகாது. கலவைகள் பலவும் தீயின்றி உராய்வினாலேயே பற்றும் இயல்பின. இதற்கும் ஒரு வரலாறு உண்டு. பழைய வாணங்களில் பொன்னிறமும் வெண்மையும் அன்றி வேறு நிறம் அரிது. 1780களில் பிரெஞ்சு அறிஞர் பெர்த்தொலே பொட்டாசியம் குளோரேட்டு என்னும் உப்பைக் கண்டார். அதனால் வெடியுப்பினும் வலிய மருந்து செய்யலாமென்று கருதி, 1788இல் பாரிசுக்கு அருகே எசோன் என்னுமிடத்து மருந்தாலையில் ஒரு சோதனை நடத்தினர். பெர்த்தொலேயும், வேதியியலின் தந்தை எனப் போற்றப்படும் இலவாசியரும் வந்திருந்தனர். கலவை வெடித்தது. ஆலையின் தலைவரும் பார்க்க வந்த ஓர் இளம்பெண்ணும் மாண்டனர். உலகின் தலைசிறந்த வேதியியலாரே உடனிருந்தும் நேர்ந்த விபத்து இது. பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த உப்பாலேயே வாணத்திற்குச் சிவப்பும் பச்சையும் வந்தன. ஆனால் குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தால் தேய்த்தாலே பற்றும் என்பது பல உயிர்களை வாங்கியபின் தெரிந்தது. பிரித்தானியா 1894இல் அக்கலவையைத் தடைசெய்தது. நம் நாட்டில் அத்தடை 1992இல் வந்தது. பச்சை நிறம் தரும் பேரியம் உப்புக்களை 2018இல் உச்ச நீதிமன்றம் விலக்கிற்று. அது காற்றின் தூய்மை கருதி.

இனி நாடக மேடைக்குத் திரும்புவோம். ‘மேடையில்தானே, சிறு நெருப்புத்தானே’ என்று கருதுவோர்க்காக மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். 1613 சூன் 29ஆம் நாள் இலண்டனில் சேக்சுபியரின் எட்டாம் என்றி நாடகம் குளோபு அரங்கில் நடந்தது. அரசன் நுழையும் காட்சிக்குச் சிறு பீரங்கி ஒன்றை வெடித்தனர். அதிலிருந்து எழுந்த பொறி கூரை வேய்ந்த வைக்கோலில் விழுந்தது. பார்ப்பவர் நாடகத்தில் ஆழ்ந்திருந்தமையால் புகையைப் பொருட்படுத்தவில்லை. ஒரு மணி நேரத்திற்குள் அரங்கம் சாம்பலாயிற்று. ஒருவருக்கும் உயிர்ச்சேதமில்லை, ஒருவருடைய காற்சட்டை பற்றியது, அதனையும் கையிலிருந்த மதுவை ஊற்றி அணைத்தார்கள். பகற்காட்சியாக இருந்ததும் மேற்கூரை திறந்திருந்ததும் நல்வினையே.

அந்நல்வினை எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. 2013 சனவரி 27ஆம் நாள் பிரேசில் நாட்டுச் சாந்தா மரியா நகரில், மாணவர் கூடிய இரவுக் கேளிக்கைக் கூடமொன்றில் இசைக்குழுவினர் மேடையில் ஒரு தீச்சுடரை ஏற்றினர். அது வெட்டவெளியில் மட்டும் கொளுத்தவேண்டியது. கூரையில் ஒலியடக்க ஒட்டியிருந்த பஞ்சுப்பலகை பற்றி நச்சுப்புகை கிளம்பிற்று. 242 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்.

மூன்றாவது நம் அண்டையில் நடந்தது. திப்பு சுல்தானின் வரலாற்றைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது, 1989 பிப்ரவரி 8ஆம் நாள் மைசூரில் படப்பிடிப்பு அரங்கில் தீப்பிடித்தது. சுவர்களில் சாக்குத் துணி, காற்றோட்டம் குறைவு, மின்கம்பிகள் சீராக இல்லை, பெரும் விளக்குகளின் வெப்பம் வேறு. 62 பேர் மாண்டனர். தொடரின் நாயகர் சஞ்சய் கான் உடல் வெந்து ஓராண்டுக்கு மேல் மருத்துவமனையில் கிடந்தார். கோட்டையும் அரண்மனையும் மேடையில் பொய். அவற்றைப் போர்த்திய சாக்கு மட்டும் மெய். இதனை நான் என் பள்ளி நாடகத்திற்குச் சில ஆண்டுகள் முன்பே செய்தித்தாளில் படித்திருந்தேன். படித்தும் பயனில்லை.

ஆர்வமுள்ளோர் எல்லாரும் இவ்வாறே முடிந்தனர் என்று எண்ணவேண்டா. கல்கத்தாவில் இசுடீபன் சுமித்து என்று ஒருவர் இருந்தார். ஏவுகலத்தின் வழியே கடிதம் அனுப்பவேண்டுமென்பது அவருடைய வேட்கை. 1934 செப்டம்பர் 30ஆம் நாள் கப்பலிலிருந்து சாகர் தீவை நோக்கி அவர் ஏவிய முதல் அஞ்சல் வாணம் நடுவானில் வெடித்துக் கடிதங்கள் சிதறின. அவர் தளரவில்லை. 1935 சூன் 29ஆம் நாள் தாமோதர் ஆற்றின் குறுக்கே ஒரு சேவலையும் ஒரு பெட்டைக் கோழியையும் வைத்து ஏவினார். இரண்டும் உயிரோடு அக்கரை சேர்ந்தன. பத்தாண்டுக் காலத்தில் அவர் ஏவியவை 270 வரை இருக்கும். 1992இல் நம் அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. நான் மாணவர்க்குச் சுட்டிக்காட்ட விரும்புவது சேவலையன்று. சுமித்து தம் வாணங்களுக்காகக் கல்கத்தாவிலிருந்த வாணத் தொழிற்சாலையை நாடினார். அறிந்தவரிடம் கேட்பதால் அவருடைய ஆர்வத்திற்கு ஓர் இழுக்கும் நேரவில்லை.

அமெரிக்காவிலும் இதே பாடம். 1957 அக்டோபரில் சோவியத்து நாட்டின் இசுபுட்னிக்கு விண்ணில் சுற்றத் தொடங்கியதும், அமெரிக்கச் சிறுவர் வீட்டுக் கொட்டகைகளில் ஏவுகலம் செய்யப் புகுந்து கைகால் இழந்தனர். அதற்கு முன்பே நெபிராசுகா மாநிலத்தில் காலணிக் கடைக்காரரான ஆர்வில் கார்லைல் என்பவர், தாளாலும் மென்மரத்தாலும் சிறு ஏவுகலம் ஒன்றை அமைத்திருந்தார். வாணத்தொழில் பயின்றவர் அவர். ஏவுகலப் பொறியாளர் அரி இசுடைன் அதனைக் கண்டு, இருவரும் சேர்ந்து ஒரு முறையை வகுத்தனர். மருந்துக்குழலைத் தொழிற்சாலையே செய்து தரும். சிறுவன் மருந்தைத் தொடவே வேண்டா. ஏவுகலத்தின் உடலை மட்டும் அவன் செய்யலாம். உலோகம் கூடாது. திரியில் தீக்குச்சி வைக்கக்கூடாது. தொலைவில் நின்று மின்கம்பி வழியே ஏவவேண்டும். இவ்விதிகளால் எத்தனையோ சிறுவர் விரல்களோடு பொறியாளர் ஆயினர். இவ்விதிகளை நான் அறிந்தது ஓய்வு பெற்றபின்.

நம் நாட்டில் வாணத் தொழிலின் தலைநகரம் சிவகாசி. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். அதன் வழியே வாணத் தொழிலும் தோன்றி, இரண்டாம் உலகப்போரின்போது வெளிநாட்டுப் பட்டாசு வரவு நின்றதால் வேரூன்றியது. நாள்தோறும் மருந்தோடு புழங்கும் அங்கும் விபத்து ஓயவில்லை. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிப்பில் 40 பேர் வரை மாண்டனர். 2023 எங்கள் பக்கத்துக்குக் கொடிய ஆண்டு. மார்ச்சில் தருமபுரி மாவட்டம் நாகதாசம்பட்டியில் பட்டாசு செய்யுமிடத்தில் இரண்டு பெண்கள் இறந்தனர். அக்டோபர் 7ஆம் நாள் ஓசூருக்கு அப்பால் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடையில் தீப்பற்றியது. அன்றே இறந்தவர் 14 பேர். தீபாவளிப் பருவத்தில் நாலு காசு சேர்க்கலாமென்று வேலைக்குச் சென்றிருந்த, எங்கள் மாவட்டத்து அம்மாப்பேட்டை இளைஞர்கள் அவர்களுள் பலர். சிலர் படித்துக்கொண்டிருந்தவர்கள். நான் அங்குச் சென்று வந்தேன். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் சாவு.

உரிமம் இன்றி வெடிமருந்து செய்வது 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி குற்றம். இப்போது வழக்கில் உள்ள விதிகள் 2008இல் வந்தவை. எவ்வளவு சிறிது என்றாலும் குற்றமே. ஆனால் சட்டத்தை அஞ்சி எந்தச் சிறுவனும் ஆசையை விட்டதில்லை. ஆகவே ஆசைக்கு வேறு வழி சொல்வது ஆசிரியர் கடமை. மேடையில் போர் காட்டவேண்டுமா? சிவப்புத் தாள் ஒட்டிய மின்விளக்கும், கீழிருந்து விசிறியால் எழும்பும் செம்பட்டுத் துணியும், தகரத் தகட்டை உலுக்கும் ஓசையும் போதும். கூத்தர்கள் ஒரு தீவட்டியைக் கொண்டே குருச்சேத்திரத்தைக் காட்டியவர்கள் அல்லரோ! வாணம் கொளுத்துவதாயின் வெட்டவெளியில், பருத்தி ஆடையோடு, பக்கத்தில் வாளித் தண்ணீரோடு கொளுத்துக. பற்றாத வெடியை எட்டிப் பார்த்தவர்களே கண் இழந்தவர்களில் பலர். அதன்மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு அகல்க. சுட்டுவிட்டால் மாவும் வேண்டா, மையும் வேண்டா, பற்பசையும் வேண்டா. ஓடும் குளிர்நீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் செல்க.

விரல் இழந்த அந்த மாணவருக்கு இப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். பாலக்கோட்டுச் சந்தையில் தக்காளி மண்டி வைத்திருக்கிறார். கணக்கை இடக்கையால் அழகாக எழுதுகிறார். இவ்வுரையை எழுதி முடித்ததும், அவரைப் பற்றியது ஆதலால் அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த ஆட்களை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே முழுவதும் படித்தார். தம்மைப் பற்றிய பகுதியில் ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லவில்லை. முதற்பக்கத்துக்குத் திரும்பி, மிஞ்சிய மூன்று விரல்களால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டி, “மாவளிக் கரியோட கொஞ்சம் உப்பு சேர்த்து அரைக்கணும் சார், விட்டுட்டீங்க. உப்பு போட்டாத்தான் பொறி நல்லாத் தெறிக்கும். போன கார்த்திகைக்குக்கூட என் பொண்ணுக்குச் செஞ்சு குடுத்தேன்” என்றார்.